செவ்வாயும் வெள்ளியும் நின்றுபோகும் கார்

"என் வீட்டுக்காரரைக் கொல்லப் பாக்கிறாங்க, மேடம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஞானம்மாளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. எதிரே இருந்த புஷ்பலதா, விபத்து வண்டிகளைச் சோதித்து இன்ஷூரன்ஸுக்கு அறிக்கை எழுதுகிறவள். இடி விழுந்தாலும் பதறமாட்டாள் என்று சேலையூரில் பெயர். அவளுடைய உதவியாளர் கோபுவோ, வயது நாற்பதைத் தாண்டியும் ஆர்வம் அடங்காதவர். கொலை என்றதும் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஞானம்மாளின் கணவர் ஜீவானந்தத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் பல்லாவரத்தில் டயாலிசிஸ். மகன் வாங்கிக் கொடுத்த ஹைப்ரிட் காரின் பின்சீட்டில் மெத்தை, தலையணை எல்லாம் போட்டு அவரை மெத்தென்று படுக்கவைத்துக் கொண்டு போவார்கள். ஓட்டுவது அவருடைய தம்பி சுந்தர்சிங். மூன்று தடவை, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் டாஷ்போர்டின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. அரைமணி நேரம் ஆறினால்தான் கிளம்பியது. போன செவ்வாய்க்கிழமை ஜீவானந்தம் மூச்சுக்குத் தவித்துப்போனார்.

"ஒர்க்‌ஷாப்ல காட்டலையா?" என்றாள் புஷ்பலதா.

"அங்க போனா நல்லாத்தான் ஓடுது. எங்கியோ சூடாகுதுங்கறாங்க, அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தெம்பா இருப்பாரு, முன்சீட்டுல உக்காந்து செங்கல்பட்டு சர்ச் வரைக்கும் வர்றாரு. அவ்ளோ தூரம், ஒண்ணுமே ஆகறதில்ல. ஆஸ்பத்திரி நாள்ல மட்டும்தான்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரெண்டு நாளும் காலையில என் கொழுந்தன் பானெட்டைத் தெறந்து வெச்சுக்கினு நிக்கறான். வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, மேடம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு அவர் அங்க இருக்கணும்."

மணி எட்டரை. புஷ்பலதா உடனே கிளம்பினாள்.

ஞானம்மாள் வீட்டு போர்டிகோவில், சுந்தர்சிங் ஏ.சி. போட்டுப் பார்த்து அப்போதுதான் அணைத்த காரின் அடியில் ஈரம். கோபு குனிந்து பார்த்துவிட்டுத் துள்ளினார். "மேடம், லீக்! ரேடியேட்டர் ஓஸ்ல கத்தி வெச்சிருக்கான்!"

தூணோரம் நின்ற சுந்தர்சிங்கின் முகம் வெளுத்தது. அது ஞானம்மாள் கண்ணில் பட்டது. இவன் கையிலா இத்தனை நாள் அவரை ஒப்படைத்தோம் என்று நினைத்தாள்.

புஷ்பலதா அந்த ஈரத்தை விரலால் தொட்டாள். "நிறமும் இல்ல, வழவழப்பும் இல்ல. இன்ஜினை ஆத்தற கூலன்ட்னா பச்சையா பிசுபிசுன்னு இருக்கும். இப்பதானே ஏ.சி. போட்டுப் பாத்தீங்க? அந்தத் தண்ணி." இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்தாள். கூலன்ட் கோடு வரை நிறைந்திருந்தது. ஓஸில் கீறல் இல்லை. "இன்ஜினை யாரும் தொடல, கோபு."

பிறகு பின்கதவைத் திறந்தாள். சீட்டின் பக்கவாட்டில், அரிசிச் சல்லடை போல ஒரு சின்ன வலை. அதில் நீல நிறப் பஞ்சிழைகள் ஒட்டியிருந்தன. வண்டியை ஓடவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை அருகே கொண்டுபோனாள். காகிதம் வலையில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போடற மாதிரியே படுக்கையைப் போடுங்க."

ஞானம்மாள் நீல மெத்தையை விரித்து, அவர் தலை ஆடாதபடி தலையணையை ஓரத்தில் இறுக்கிச் செருகினாள். ஏ.சி.யோடு வண்டி நின்றபடியே ஓடியது. சற்று நேரத்தில் சீட்டுக்குப் பின்னாலிருந்து விசிறிச் சத்தம் கிளம்பி, வரவர ஓலமாக உயர்ந்தது. புஷ்பலதா தலையணையை உருவினாள். சத்தம் மெல்ல அடங்கியது.

"இந்த வண்டிக்கு இன்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. இன்ஜினைத் தண்ணி ஆத்துது. பின்னால இருக்கற பேட்டரியைக் காத்துதான் ஆத்தணும். காத்து நுழையற வழி இந்த வலை. ஞாயித்துக்கிழமை அவர் முன்னால உக்கார்றாரு, படுக்கை இல்ல. ஒர்க்‌ஷாப்புக்கும் படுக்கையோட போறதில்ல. செவ்வாய், வெள்ளி மட்டும் வழி அடைபடுது. பேட்டரி கொதிச்சு வண்டி நிக்குது."

ஞானம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். அவர் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செருகிய கைகள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இவர் ஏன் பானெட்டைத் தெறந்தாரு?" கோபுவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சுந்தர்சிங் தலை நிமிரவில்லை. "யாராச்சும் ஏதாச்சும் பண்ணியிருக்காங்களான்னு பாத்தேன்."

"யாரைச் சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டாள் புஷ்பலதா.

அவன் கண் தன் பக்கம் வந்து விலகியதை ஞானம்மாள் பார்த்துவிட்டாள். அவமானமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

"என்னையா, தம்பி?"

"மன்னிச்சிருங்க அண்ணி. ரெண்டு வருஷமா தூங்காம அவரைப் பாத்துக்கறீங்க. சலிச்சுப்போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"நான் உன்னைத்தான்டா நெனச்சேன்," என்றாள் அவள். சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

பத்து மணிக்கு ஜீவானந்தத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். மெத்தை வீட்டிலேயே கிடந்தது. ஞானம்மாள் வலைப் பக்கம் இடம்விட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து, கணவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுந்தர்சிங் சாவியைத் திருகும் முன் திரும்பிப் பார்த்தான்.

"போலாமா அண்ணி?"

"போலாம்," என்றாள். அன்று குரோம்பேட்டை சிக்னலில் வண்டிகள் நகரவே இல்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.