முந்திக்கொண்ட கட்டைவிரல்

மழை... ஆஸ்பத்திரி வாசலைத் தேடி வந்து கொட்டுவது போல ஒரு மழை. குடை அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்தாள். விரல்கள் பிடித்தன... விட்டன... மறுபடி பிடித்தன.

எதிரே ஒருவன், எடுத்துக் கொடுக்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அழகான கண்கள் வேறு. அதுதான் இன்னும் எரிச்சல்.

"என்ன சார், வேடிக்கையா?"

"மன்னிச்சிடுங்க... தொழில் புத்தி."

அது என்ன தொழில் என்று உள்ளே போனதும் தெரிந்துவிட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தவர்களின் கை கால் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளப்பவன் அவன். சின்னக் குச்சிகளைத் துளைப் பலகையில் செருகி, திரும்ப எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். கடைசிக் குச்சி விழுந்ததும் அவன் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி, எவ்வளவு நேரம் ஆனது என்று குறிப்பான். அந்த அளவையும் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார்.

அவள் பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். ஊரார் பெயரையெல்லாம் கிரீமில் எழுதிய கை ஒரு குச்சியிடம் தோற்றது.

"கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா?"

"கூடாது. நல்லா பண்றீங்கன்னுகூடச் சொல்லக் கூடாது."

"சரியான கல்லுளிமங்கன்."

"அதையும் எழுதிக்கவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தடுத்த முறைகளில் அந்தச் சிரிப்புக்காகவே வந்தாள் என்று கூடச் சொல்லலாம்.

"கை அப்படியேதான் இருக்குன்னு சொல்றாங்களே பாப்பா, அப்புறம் ஏன் டம்ளரைக் கீழ போடறே?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கும் புரியவில்லை.

மறுமுறை போனபோது அவன் நாற்காலியில் ஒரு அக்கா இருந்தாள்.

"உங்களை அளக்க மாட்டேன்னு சொல்லிட்டாரும்மா."

அப்படியா... பேசிச் சிரித்தது எல்லாம் வெறும் தொழில் புத்திதானா? குச்சிகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே உருண்டன. டாக்டர் புது அளவைப் பார்த்தார். மருந்தை முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்றார்.

வெளியே அன்றும் மழை. வாசலில் அவன் நின்றிருந்தான். அவள் பார்க்காதது போல நடந்தாள்.

"ஒரு நிமிஷம்..."

"உங்ககிட்ட நிமிஷத்துக்கா பஞ்சம்?"

"நான் தப்பா அளந்துட்டேன். கடைசிக் குச்சி கிண்ணத்துல விழறதுக்குள்ளயே என் கட்டைவிரல் அமுக்கிடுது. வேணும்னு பண்ணல... உங்களுக்கு மோசமாகக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்கும், விரல் முந்திக்கும். போன தடவைதான் எனக்கே புரிஞ்சுது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"வேலை?"

"இருக்குமான்னு தெரியல."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இவன் ஆசைப்பட்டதால் மருந்து தள்ளிப்போயிருக்கிறது. இடையில் போன பலம் திரும்பி வருமோ, வராதோ...

"உங்களை அறையணும் போல இருக்கு."

"அறைங்க."

"கை சரியா வராது."

இருவருமே சிரிக்கவில்லை.

"ஏன் முந்திச்சு உங்க விரல்?"

"உங்களைப் பிடிச்சிருக்கு... அதனாலதான்."

குடை மறுபடி நழுவியது. அவன் சட்டென்று குனிந்தான்.

"இருங்க. நானே எடுக்கறேன். நேரம் ஆகும்... போகப்போக இன்னும் ஆகும்."

"ஆகட்டும்."

"எனக்கும் பிடிச்சிருக்கு. இல்லன்னா இவ்வளவு கோபம் வராது."

விரல்கள் பிடித்தன... விட்டன... மறுபடி பிடித்தன. மழை விடவில்லை. அவன் நனைந்துகொண்டே பக்கத்தில் நின்றான், நேரம் பார்க்காமல்.