உள் ஆழம்

கிண்ணத்தின் வெளி உயரம் நான்கு அங்குலம். உள் ஆழம் நான்கேகால்.

நீலகண்டன் ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நான்கரை. பொதுப்பணித் துறையில் பத்தொன்பது வருடம் ஓவர்சியர். அளவு சேரவில்லை என்றால் தப்பு ஸ்கேலில்தான் என்பது அவர் கண்ட உண்மை. வேறு ஸ்கேல் எடுத்தார். ஐந்து. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஓட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை. வெளியே வரிச்சிக்குடி வயல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஷெட்டுக்குள் கடைசல் மெஷின் நின்ற பிறகும் காதுக்குள் அதன் ரீங்காரம் சுற்றிக்கொண்டிருக்க, இலுப்பை மரத்தூளின் கசப்பு வாசனைக்கு அடியிலிருந்து ரொம்ப நாள் மூடிக் கிடந்த தண்ணீரின் பாசி வாசனை மெல்ல ஏறி வந்தது. உளி சீவிய மரச் சுருள்கள் காலடியில் ஈரமாக ஒட்டின. நாற்பது வருடம் வெயிலில் காய்ந்த மரம் அது. மனையில் இருந்த கிணற்றுக்கு மேலே ராட்டினம் தொங்கிய கட்டை. அதைத்தான் கிண்ணமாகக் கடைந்திருந்தார்.

அந்தக் கிணறு இதே ஷெட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. போன வருடம் மனை வாங்கியதும் பதினோரு டிராக்டர் மணல் அடித்து மூடி, மேலே சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார். அன்று கொத்தனார் முத்தையன் ஒரு பிவிசி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிணத்த மூடுனா இத உள்ள நட்டு விடணும் சார். மூச்சு விட ஒரு வாய் வேணும்ல."

"ஒண்ணு போதுமா? ஆக்சிஜன் சிலிண்டரும் சேத்து வாங்கிடுவோம்."

முத்தையன் சிரிக்கவில்லை. "நீங்க வைக்கலன்னா அது எங்கயாச்சும் வச்சுக்கும்."

குழாயை நீலகண்டன் கக்கூசுக்குப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, முடிஞ்சிருச்சா?" மகள் நித்யஸ்ரீ உள்ளே வந்தாள். ஆறு வயது. அவள் பொறுக்கி வைத்திருக்கும் சிப்பிகளுக்குத்தான் இந்தக் கிண்ணம்.

"தொடாத பாப்பா. அளவு சரியா வரல."

"அளந்துக்கிட்டேதான் இருப்பீங்களா?" மேசைமேல் எக்கிக் குனிந்து, கிண்ணத்துக்குள் "ஓ" என்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிம்மதியாக மூச்சு விட்ட பிறகு கேட்டது. ஓ. ரொம்பக் கீழேயிருந்து. அவள் குரல்தான். நனைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கியிருப்பார்கள். அவர் இருபதடி டேப்பை எடுக்கத் திரும்பினார்.

"அப்பா, உள்ள சில்லுனு இருக்கு."

தொப்.

திரும்பினார். மேசை. கிண்ணம். ஒற்றைச் செருப்பு.

கிண்ணத்தின் வாய் ஐந்து அங்குலம். பிள்ளையின் தலைகூட நுழையாது. குனிந்தார். உள்ளே செங்கல் வளையங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. அடியில் காலணா அளவுக்குத் தண்ணீர். அதில் நகத்தளவு ஒரு முகம், மேலே பார்த்தபடி. அதன் வாய் அசைந்தது. சற்றுக் கழித்துக் குரல் வந்தது.

"அப்பா."

டேப்பை இறக்கினார். இருபதடியும் போயிற்று. எட்டவில்லை. கையை விட்டார். முழங்கை. தோள். விரல்களில் வெறும் காற்று. வாயைப் பெரிதாக்கலாம். மெஷினில் மாட்டி, நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று. அவளோடு. உடைத்துப் பார்க்கலாம். உடைந்தால் கிணறு எங்கே போகும்?

"சோறு போட்டுட்டேன், ரெண்டு பேரும் வாங்க," என்று வீட்டுக்குள்ளிருந்து மனைவி தீபா கூப்பிட்டாள்.

அப்போது உள்ளே மணல் உதிரத் தொடங்கியது. முதலில் பொலபொலவென்று. பிறகு டிராக்டர் பெட்டி கவிழ்கிற சத்தம். ஒன்று. இரண்டு. அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. பதினொன்றாவதில் மணல் அவர் கையை வெளியே தள்ளிவிட்டு, விளிம்போடு நின்றது.

ஸ்கேலை மணலுக்குள் நட்டார். மரம் தட்டியது. மூன்றரை அங்குலம். அடிக் கனம் அரை.

அளவு சரியாக இருந்தது.

ஸ்கேலுக்குப் பக்கத்தில் மணல் சின்னதாகக் குழிந்தது. மேடிட்டது. மறுபடி குழிந்தது, மூச்சு வாங்குவது போல.

பிறகு குழியவில்லை.