இரண்டு அடுப்பு வீடு

அந்தக் கைநாட்டில் கோடுகளே இல்லை.

கோமளா பத்திரத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். வீட்டை விற்பதற்கான தாள் அது. அடியில் இரண்டு கட்டங்கள். வலது கட்டம் அவளுக்காகக் காலியாக இருந்தது. இடது கட்டத்தில் அவள் புருஷன் அங்கமுத்துவின் பெருவிரல் பதிந்திருந்தது. விரலில் மை தடவி உருட்டினால் தோலின் மேடுகளில் உள்ள மைதான் தாளில் ஏறும். பள்ளங்கள் தாளைத் தொடுவதில்லை. அதனால்தான் எந்தக் கைநாட்டிலும் நடுநடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும். இதில் ஒரு மயிரிழை வெள்ளைகூட இல்லை. சட்டியின் அடிப்பக்கம்போல வழவழவென்று முழுக் கறுப்பு.

“என்னங்கய்யா, கோட்டையே காணோம்?”

மனு எழுதும் கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மஸ்ஜித் தானா ஊரிலிருந்து நில ஆபீசுக்குப் போகும் தமிழ்ச்சனங்களின் தாள் எல்லாம் அவர் எழுதியதுதான். “பால்மரத்துல பதினஞ்சு வருஷம் கெடந்த ஆளு. ஆசிட்டுல ஊறின விரலும்மா, தேஞ்சிருக்கும்.”

“அவரை நேர்ல பாத்தீங்களா?”

“கதவைக் கொஞ்சம் திறந்து கையை மட்டும் நீட்டினாரு. உள்ள ஒரே புகை, மூஞ்சி தெரியல. கொரலு அவரு கொரலுதான்.”

வீட்டை நடுவில் பிரித்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

“அது என்னம்மா சத்தம்?”

“அவருதான். பாக்கு இடிக்கிறாரு.”

மாடு உதைத்து முன்பற்கள் போன நாளிலிருந்து அங்கமுத்து பாக்கை இடித்துத்தான் வாயில் போடுவான். பழகிய சத்தம்தான். ஆனாலும் கோமளா விரலை நீட்டவில்லை. “வெள்ளிக்கிழமை வாங்கய்யா, யோசிச்சு வைக்கிறேன்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளும் அங்கமுத்துவும் ரப்பர்மரத்தில் பால் வெட்டிச் சேர்த்ததில் வாங்கிய நிலம் அது. கிராண்டில், அதாவது நிலப்பட்டாவில், இரண்டு பேர் பெயரும் இருந்தது, அதனால் விற்பதற்கு இரண்டு விரல். ஆனால் அவனுக்கு வேறொருத்தியோடு பழக்கமாகிவிட்டது. 1932ஆம் வருஷம் மாரியம்மன் கோவில் முன்னால் பஞ்சாயத்து கூடி, அங்கமுத்து துரும்பைக் கிள்ளி அவள் கையில் போட்டான். துரும்பு விழுந்தால் உறவு முடிந்தது. வீடு மட்டும் முடியவில்லை. விற்கிறவரை யார் இருப்பது என்ற சண்டையைப் பஞ்சாயத்துத் தலைவர் வீராசாமி தண்டல் இப்படித் தீர்த்துவைத்தார்:

“நடுவுல பலகை அடிங்க. ஆளுக்குப் பாதி, ஆளுக்கு ஒரு அடுப்பு. தெனம் ரெண்டும் எரியணும். எவரு அடுப்பு அணைஞ்சு கெடக்கோ, அவரு வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம். பங்கும் போச்சு. ஒருத்தர் வாசப்படியை ஒருத்தர் மிதிக்கப்படாது, ஆமா.”

நல்ல ஏற்பாடுதான். காவல் வைக்க ஆளே வேண்டாம். தூண்கள்மேல் நின்ற வீடு, ஏற ஆளுக்கொரு ஏணி. தடுப்பு கூரையின் முகட்டுக்கு நேர் கீழே நின்றது. அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு அடுப்புகள். அவள் அடுப்பின் புகை ரோட்டுப் பக்கச் சரிவில் அத்தாப்பு ஓலைகளின் ஊடாகக் கசியும். அவன் புகை ரப்பர்மரப் பக்கச் சரிவில். போகிறவர் வருகிறவர் எல்லாரும் சாட்சி. தடுப்புப் பலகை ஒன்றில் கணு உதிர்ந்து விரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தது. அவன் பார்க்கக் கூடாதென்று கோமளா முதல் நாளே அதில் பழைய சேலைத் துணியைத் திணித்திருந்தாள்.

புதன்கிழமை மீன்கூடையோடு காளியம்மா வந்தாள்.

“ஏன் புள்ள, ஒன் வீட்டுக்காரன் கோலா சுங்கை பாரு ஊருல வலை காயப்போடுறவளோட ஒரு மாசமாக் குடித்தனம் நடத்துறானாமே? இன்னிக்கு விடியக்காலையில எங்கிட்டயே நெத்திலிக்குப் பேரம் பேசினான்லா!”

கோமளா அண்ணாந்து பார்த்தாள். அந்தச் சரிவில் புகை எழுந்துகொண்டிருந்தது.

“அப்ப இது யாரு, அக்கா?”

“எவனையாச்சும் ஒளிச்சு வச்சிருப்பான். சோத்துக்கே எழுந்திரிக்காத சோம்பேறி, அடுப்பு ஊதவா வருவான்?”

அதைக் கேட்டதும் கோமளாவுக்குப் பயத்தைவிட ஆசைதான் முந்தியது. உள்ளே இருப்பது அவன் இல்லை என்று காட்டிவிட்டால் அவன் பங்கு போச்சு. வீடு முழுக்க அவளுடையது. விற்கவே வேண்டாம்.

ஆனால் வெறும் வாயால் சொன்னால் தண்டல் சிரிப்பார். அவள் சாம்பலைச் சல்லடையில் சலித்து, அவன் பக்க ஏணியின் மேல்படியில், இறவாரத்துக்குள் மழை படாத இடத்தில், கையெட்டும் தூரத்தில் கீழே நின்றபடியே தூவினாள். அந்தப் பாதிக்கு அது ஒன்றுதான் வழி. கால் வைத்தால் தடம் விழும். வீட்டுக்கடியில் தூண்களின் நடுவே அவன் அடுக்கியிருந்த விறகில் மேல்கட்டைக்குக் கரியால் ஒரு கோடும் போட்டுவைத்தாள்.

வியாழன் காலை புகை வந்தது. பாக்கு இடிக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலமும் அப்படியே.

சாம்பலில் ஒரு தடம்கூட இல்லை. கரிக்கோடு போட்ட கட்டை வைத்த இடத்தில் இருந்தது.

அப்படியானால் எதை எரிக்கிறான்? உள்ளே விறகு சேர்த்து வைத்திருக்கலாம். தண்ணீர்? அதையும் நிரப்பி வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். எந்தக் காரணமும் மனதில் தங்கவில்லை. அவள் ஊதாங்குழலை எடுத்து ஊதினால் அந்தப் பக்கமும் ஊதுவது கேட்டது. நிறுத்தினாள். ஒரு மூச்சு தள்ளி அதுவும் நின்றது. ஒருமுறை இருமிப் பார்த்தாள். பலகைக்கு அப்பால் ஓர் இருமல். அவன் இருமல் இல்லை. அவளுடையதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ரப்பர்த்தோப்பு கறுத்து, ஓலைக்கூரை முழுவதும் சலசலத்து, ஈரமான புகை கீழேயே தங்கி, வீடு முழுக்கப் புளித்த பால் வாடை அடித்தது. கணேசமூர்த்தி வரும் நேரம் நெருங்கியது. அவர் வருமுன் ஒரே ஒரு பார்வை. ஒளிந்திருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். தன் அடுப்பில் தணலைக் குவித்துச் சாம்பலால் மூடினாள். அப்படி மூடினால் சாயங்காலம்வரை நெருப்பு சாகாது. பிறகு வீட்டைச் சுற்றிப் போய் அவன் ஏணியில் ஏறினாள்.

தூவிய சாம்பலில் விழுந்த முதல் தடம் அவளுடையது.

கதவு தள்ளியதும் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. பாய் சுருட்டியபடி கிடந்தது. அதன்மேல் ஒரு மாதத் தூசி. இரும்பு உரல் சாய்ந்து கிடந்தது. அதற்குள் சிலந்தி வலை. அடுப்பருகே குனிந்து கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. சாம்பல் மழை ஈரத்தில் கட்டிதட்டிக் கிடந்தது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்போது தடுப்புக்கு அப்பால், அவள் பக்கத்தில், யாரோ ஊதாங்குழல் ஊதினார்கள்.

ஓட்டையில் அவள் திணித்த துணி அசைந்தது. மெல்ல, அந்தப் பக்கமாக, யாரோ அதை இழுத்தார்கள். அது முழுசாக உருவிக்கொண்டு போனது. வெளிச்சம்.

கோமளா கண்ணை வைத்தாள்.

அவள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எதிரே குத்தவைத்து ஒருத்தி. முக்காடு போட்ட தலை குனிந்திருந்தது. பச்சைச் சேலை. கோமளா வீட்டுக்குள் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்த சேலை.

அவள் வாசலில் செருப்புச் சத்தம். “கோமளா! தண்டலையும் கூட்டிட்டு வந்திருக்கேன்.” கணேசமூர்த்தி.

“வாங்கய்யா. யோசிச்சுட்டேன்.”

அவள் குரல். அப்படியே அவள் குரல்.

கோமளா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கம் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பலகையைக் கையால் குத்தினாள். திரும்பி ஓடிக் கதவை இழுத்தாள். வரவில்லை. மறுபடி பலகை. மறுபடி குத்து.

டொக். டொக்.

“அது என்ன சத்தம்?” தண்டல் கேட்டார்.

“அவருதான். பாக்கு இடிக்கிறாரு.”

“இருக்கான்ல, இருக்கட்டும். நீ விரலை வையி.”

முக்காடு போட்டவள் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள். கணேசமூர்த்தி அந்த விரலைப் பிடித்து மையில் தோய்த்து, தாளில் வைத்து, இடமிருந்து வலமாக உருட்டினார். தூக்கிப் பார்த்தார்.

“இதுலயும் கோட்டைக் காணோமே!”

“இவளும் பால்மரம் வெட்டினவதானய்யா. காயவையும்” என்றார் தண்டல்.

கணேசமூர்த்தி தாளை ஊதினார்.

அடுப்புக்கு முன்னால் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். ஓட்டைக்கு நேராக. முக்காடு விலகியது. நெருப்பு வெளிச்சம் முழுசாக விழுந்தது.

கண் இல்லை. வாய் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடுகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.