அப்பா கேட்ட கூடுதல் நேரம்

"ஒரு பைட்டுக்கு எத்தனை பிட்?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"எட்டு. எங்கிட்ட இருக்கிற விரலை வச்சு எண்ண முடியாது. மூணு கம்மி" என்றார் அப்பா.

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பாவே சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

போன அறுவடையின்போது தானியக் கிடங்கில் ஓர் இயந்திரம் அப்பாவின் வலது கையை இழுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அவர்கள் இருந்த அந்தச் சிறிய ஊரில், ஒரு கையுடன் செய்கிற கிடங்கு வேலை கிடையாது.

அதனால் அப்பா வெண்டெல் க்ரூஸ், நாற்பத்தொரு வயதில், கல்லூரிக்குப் போக முடிவு செய்தார். நிலத்தை அளந்து கணினியில் வரைபடம் போடும் படிப்பு. ஜனவரியில் தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன் கணினி அறிமுகப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து முடித்தால் ஒரு வருடம் வீணாகும். இன்னொரு வழியும் இருந்தது. ஒரே ஒரு தேர்வு. அதில் தேறினால், வகுப்புக்குப் போகாமலே பாடத்தை முடித்ததாகக் கல்லூரி ஏற்றுக்கொண்டு அதற்கான கிரெடிட்டைத் தந்துவிடும். தோற்றால் ஜனவரிக்குள் மறுபடி எழுத முடியாது.

மூன்று மாதமாக நூலகப் புத்தகங்களை வைத்து அப்பா படித்தார். கேள்வி கேட்பது டெஸ்ஸாவின் வேலை. அவர் தவறாகப் பதில் சொல்வது அபூர்வம்.

சனிக்கிழமை காலை அப்பா மாதிரித் தேர்வு எழுதினார். தொண்ணூறு நிமிடம். சமையலறைக் கடிகாரம் மணி அடித்தபோது அவர் இடது கை இன்னும் பதில்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

"எத்தனை பாக்கி அப்பா?"

"பதினெட்டு."

அவர் கணினியை மூடிவிட்டு வெளியே போய், ஒரு கையால் பனியை வாரத் தொடங்கினார். டெஸ்ஸா மூடியைத் திறந்து அந்தப் பதினெட்டையும் பார்த்தாள். அத்தனைக்கும் அப்பாவுக்குப் பதில் தெரியும். நேற்றுத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

தேர்வு பற்றிய தாளை எடுத்து அவள் கடைசி வரை படித்தாள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா! உடம்புல குறை இருக்கிறவங்க கூடுதல் நேரம் கேட்கலாமாம். திங்கட்கிழமைதான் கடைசி நாள்."

அப்பா நிமிரவே இல்லை. "பார்த்தேன். வேண்டாம்."

"ஏன்?"

"எல்லாருக்கும் எவ்வளவோ எனக்கும் அவ்வளவே போதும். சலுகையில பாஸ் பண்ணேன்னு யாரும் சொல்லக் கூடாது. உள்ளே போ, குளிருது."

டெஸ்ஸா உள்ளே போனாள். வெகு நேரம் யோசித்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து, வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சுப் போடப் பற்கள் தேவைப்பட்டன.

அப்பா உள்ளே வந்தபோது அவள் தன் பள்ளிக் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில் விரல் எட்டவில்லை. மூக்கால் அழுத்தினாள்.

"என்ன பண்றே நீ?"

"இதை ஸ்கூல்ல அஞ்சு நிமிஷத்துல அடிச்சேன். இப்போ பதினாலு நிமிஷம் ஆச்சு, இன்னும் முடியல." அவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் கட்டுரை தெரியலையா அப்பா?"

அப்பா அந்தத் துண்டைப் பார்த்தார்.

"போதும். அவிழ்த்துடு."

"நான் அவிழ்த்துட்டா எனக்குச் சரியாயிடும். உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் டெஸ்ஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். ஒரு கைக்கு அது நீண்ட வேலை. அவள் உதவவில்லை, அசையவும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் தேர்வு மையத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் திருமதி ப்ரூயிட் என்ற பெண் இருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். அவருக்குப் பதிலாகத் தானே சொல்லிவிடலாமா என்று டெஸ்ஸா துடித்தாள். ஆனால் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு... கூடுதல் நேரம் வேணும்."

"டாக்டர் கடிதம் இருக்கா?"

அப்பா எடுத்துக் கொடுத்தார்.

"சரி. உங்களுக்கு நூத்தி முப்பத்தஞ்சு நிமிஷம். இங்கே கையெழுத்துப் போடுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? மேளதாளம் வைக்கணுமா?" என்றார் திருமதி ப்ரூயிட்.

தேர்வு நாளன்று பனியால் பள்ளிக்கு விடுமுறை. டெஸ்ஸா தாழ்வாரத்தில் காத்திருந்தாள். தொண்ணூறு நிமிடம் ஆனதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அப்பா வரவில்லை. கதவில் இருந்த கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் நகத்தைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் வந்தார், கையில் ஒரு தாளுடன். அதை அவளிடம் கொடுத்தார். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. தாளில் அறுபத்தாறு என்றிருந்தது.

"அப்பா!"

"மத்தவங்க எழுந்து போனப்போ எனக்கு இன்னும் பதினாறு கேள்வி பாக்கி" என்றார் அவர். "பதினாறும் எனக்குத் தெரிஞ்சிருந்தது, டெஸ்ஸா."

வெளியே பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று அப்பா சட்டைப் பையிலிருந்து இடது கையின் கையுறையை எடுத்தார். வழக்கமாக அதைப் பல்லால் இழுத்துத்தான் மாட்டிக்கொள்வார். யாரையும் தொட விடமாட்டார்.

இன்று கையுறையை டெஸ்ஸாவிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாக, பொறுமையாக மாட்டிவிட்டாள்.