சந்துக்குள் மாட்டிய விருந்தாளிப் பேருந்து

"டிரைவர் சார்! நேரா எங்க சமையக்கட்டுக்கே பஸ்ஸ விட்டிருக்கலாமே... ஏன் வாசலோட நிறுத்திட்டீங்க?"

கொட்டும் மழையில் குடையைச் சாய்த்தபடி அவள் கேட்டாள். பேருந்தின் ஜன்னல் வழியே அவன் எட்டிப் பார்த்தான். கோபத்தில் அகல விரிந்த கண்கள்... இமையோரம் ஒரு மழைத்துளி. அது விழுமா, விழாதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, காதும் கேக்காதா?"

"கேக்குதுங்க... வழிதான் தெரியல."

இப்போது நினைத்தாலும் கனவு போல இருக்கிறது அந்த வருடம். உலக விளையாட்டுப் போட்டி அவர்கள் நகரத்துக்கு வந்திருந்தது. பாலங்களுக்குப் புது வண்ணம், கம்பத்துக்குக் கம்பம் கொடி, எங்கு பார்த்தாலும் வெளிநாட்டு முகங்கள். டவுன்பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, வாலிபால் வீராங்கனைகளை மைதானத்துக்கு அழைத்துப்போகும் வேலை. பெரிய சாலையில் தண்ணீர் தேங்க, குறுக்கு வழி என்று இந்தச் சந்துக்குள் நுழைந்தான். பின் டயர் நடைபாதைக் கல்லில் உரசிக் கிழிந்தது. அதுவும் ஒரு டயர் கடைக்கு எதிரிலேயே!

அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தான், கடைக்குள்ளிருந்து அவள் அப்பா பேசும்வரை.

"மைதானத்துக்கு ரோடு போடறோம்னு, மெயின் ரோட்டுல இருந்த என் கடைய எடுத்தாங்க. அங்க போற வண்டிய நான் தொடமாட்டேன்."

"அப்பா, மதியம் அவங்களுக்கு ஆட்டம்ப்பா..."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குடையை மடக்கி வீசினாள். ஜாக்கியைத் தானே இழுத்து வந்தாள்.

"நீங்களா மாட்டுவீங்க?" என்றான் அவன்.

"ஏன், மருதாணி மட்டும்தான் வைக்கத் தெரியும்னு நெனச்சீங்களா? ஸ்பானர எடுங்க."

இருவரும் சேற்றில் மண்டியிட்டார்கள். அவள் விரலும் அவன் விரலும் ஒரே நட்டின் மேல் பட்டு... சட்டென்று விலகின. 'இந்த மழை இன்னும் கொஞ்ச நேரம் பெய்யட்டுமே' என்று நினைத்தவள், தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குள் சந்தே திரண்டுவிட்டது. ஒரு வீட்டிலிருந்து நாற்காலி, ஒரு வீட்டிலிருந்து சூடாகத் தேநீர். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த மாடிவீட்டு அக்காவும் கீழ்வீட்டு அக்காவும் ஒரே குடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பனைமர உயரத்து வீராங்கனை ஒருத்திக்கு எக்கி எக்கி நீட்டினார்கள். அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே தானும் ஒரு ஸ்பானரை எடுத்து, நட்டைத் தப்பான பக்கம் திருக ஆரம்பித்தாள்.

அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, மரை போயிடும்மா! தள்ளு, தள்ளு... எல்லாரும் தள்ளுங்க!"

அவர் கையாலேயே ஸ்டெப்னி டயர் ஏறியது. வண்டி கிளம்பும் முன் அவன் தயங்கித் தயங்கி இரண்டு நுழைவுச்சீட்டுகளை நீட்டினான். "ஆட்டம் பாக்க வாங்களேன்... ரெண்டு பேரும்."

"அந்த மைதானத்துல என் கால் படாது. என் பொண்ணு காலும்தான்" என்றார் அப்பா.

அவள் அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

அன்றிலிருந்து அந்த அணி ஆடும்போதெல்லாம் கடை டிவி முன்னால் சந்து முழுக்கக் கூடியது. பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத நாட்டுக்காகத் தொண்டை வறளக் கத்தினார்கள். அப்பா மட்டும் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, "இப்ப எவ்வளவு பாயின்ட்டு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அரையிறுதியில் அந்தப் பெண்கள் தோற்றபோது மாடிவீட்டு அக்கா கீழ்வீட்டு அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பா திரும்பிப் பார்த்தார். திரையில் அந்த உயரமான பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். "நல்லாத்தான் ஆடுச்சு, பாவம்" என்றார், மறுபடி முதுகைத் திருப்பாமல்.

போட்டிகள் முடிந்தன. கொடிகளை இறக்கினார்கள். விருந்தாளிகள் போய்விட, தெருக்கள் கல்யாணம் முடிந்த வீடு மாதிரி வெறிச்சென்று கிடந்தன. அப்படி ஒரு சாயங்காலம், அவன் காலிப் பேருந்தோடு வந்து நின்றான்.

"டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாக்கணும் சார்."

அப்பா ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. எதுக்கு வந்த தம்பி? உண்மையச் சொல்லு."

"உங்க பொண்ண எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். அன்னிலேருந்து வேற நெனப்பே இல்ல... உங்களுக்குச் சம்மதம்னா கட்டிக்கணும்."

அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"கட்டிக்கப் போறவ அவ. அவகிட்ட கேளு."

அவள் கதவோரம்தான் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து... ஆனால் இம்முறை கண்களைத் தாழ்த்தவில்லை.

"இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்றாள். "இன்னிக்கும் வரலைன்னா, நாளைக்கு நானே உங்க டெப்போ வாசல்ல வந்து நின்னிருப்பேன்."