கோணல் லேபிள்

மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட கையோடு அவள், கம்பெனியின் பதிவுகளைச் சேமித்துவைக்கும் அடித்தளத்து டேப் அறைக்குள் நுழைந்தாள். பதினோரு வருஷமாக நுழைகிற அறைதான். அதே குளிர், அதே பிளாஸ்டிக் வாடை. ஆனால் உள்ளே கோணல் இல்லை.

கூட வேலை பார்த்தவனுக்கு அவள் வைத்த பெயர் அது. எந்த டேப்பிலும் லேபிளை நேராக ஒட்டத் தெரியாதவன். "கண்ணை எங்கப்பா வச்சிருக்க?" என்று திட்டினால், "மெஷின் படிக்குதுல்லக்கா, விடுங்க" என்று சிரிப்பான்.

அறையைப் பூட்டும் முன் "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அது விதி. ஐம்பத்திரண்டு நாட்களுக்கு முன், மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் அவசரத்தில் அவள் குரல் கொடுக்கவில்லை. பூட்டிவிட்டுப் போய்விட்டாள். சற்று நேரத்தில், மூச்சை அடைத்துவிடும் தீயணைப்பு வாயுவைச் சோதனைக்காகத் திறந்துவிட்டார்கள். அடுக்குகளுக்கு நடுவே அவன் இருந்தான்.

குரல் கொடுத்ததாகத்தான் எல்லோரிடமும் சாதித்தாள். அன்றைய கேமரா பதிவு ஒரே ஒரு டேப்பில் இருந்தது. நாளை விசாரணைக்கு வருகிறார்கள். அவள் சிறைக்குப் போனால் மகளுக்கு வேறு நாதியில்லை.

டேப்பை உருவினாள். அவன் அன்று காலை ஒட்டிய லேபிள், கோணலாக. அதைப் பிய்த்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

பிறகு பழக்கதோஷத்தில் கையடக்க ரீடரை டேப்பின் மேல் காட்டினாள். படித்ததும் அது 'பீப்' என்றது. டேப்புக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. எத்தனை தடவை இயந்திரத்தில் ஏறியது என்பதை அது எழுதிவைக்கும். பதிவு செய்த அன்று ஏறியதோடு சரி, பிறகு யாரும் தொடாத டேப். ஒன்று என்று காட்ட வேண்டும்.

ஐம்பத்து மூன்று.

அன்று தொடங்கி நாள் தவறாமல் யாரோ ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அறைச் சாவி அவளிடம் மட்டும்தான்.

டேப்பைக் காந்தப் பெட்டிக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். உறுமல் எழுந்து அடங்கியது. இனி எந்த இயந்திரமும் அதைப் படிக்காது. சிப்பை மட்டும் காந்தம் ஒன்றும் செய்யாது. மனசு கேட்காமல் மறுபடி ரீடரைக் காட்டினாள்.

ஐம்பத்து நான்கு.

ரீடரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவில் கை வைத்ததும் கால் நகரவில்லை. அன்று கேட்காததைக் கேட்டாள், கிசுகிசுப்பாக.

"உள்ள... யாராவது இருக்கீங்களா?"

அடுக்குகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்க்கா. பூட்டிடாதீங்க."

அவள் பூட்டினாள்.

மேலே வாசலில் காவலாளி நிறுத்தினார். "மேடம், நில்லுங்க. முதுகுல ஏதோ ஒட்டியிருக்கு." பிய்த்துக் கையில் கொடுத்தார்.

அவள் கிழித்துப் போட்ட லேபிளில் இருந்த அதே எண். லேபிளில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாரு ஒட்டினாங்க?" காவலாளி சிரித்தார். "நேரா ஒட்டக்கூடத் தெரியல."

அவள் கைப்பைக்குள் கிடந்த ரீடர், யாரும் தொடாமலே ஒருமுறை 'பீப்' என்றது.