ஐஸ் ரூமில் எடுத்த காட்சி

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய ஐஸ் கம்பெனிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படிக்கும் நான்கு பேர். கேமரா சபாபதியிடம். ஒலிப்பதிவு சத்யப்பிரியா. கேமரா முன்னால் நின்று பேசுபவள் இளவரசி. மூவரையும் மேய்த்து வேலை வாங்குகிற குழுத் தலைவி வினோதினி. கடலோரத் தொழில்கள் பற்றி ஒரு வீடியோ எடுத்துத் தர வேண்டும். மற்ற குழுக்கள் கொடுத்துவிட்டன. இவர்கள் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. வினோதினிக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடலூரைச் சூறையாடிய தானே புயலுக்குப் பிறகு அந்தக் கம்பெனி ஓடவில்லை. சாவி சுப்பராயலுவிடம் இருந்தது. முன்பு அங்கே ஐஸ் உடைத்தவர். பூட்டைத் திறந்துவிட்டவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கூப்பிட்டதற்கு முட்டி வலி என்றார்.

உள்ளே துருவும் உப்பும் கலந்த வாடை. அதற்கு அடியில் மூக்கைக் குத்தும் மருந்து நெடி. கூரை ஓட்டையின் வழியே விழுந்த வெளிச்சம் தரையைத் தொடுவதற்குள் மங்கிப்போனது. கோடியில் ஐஸ் ரூம் இருந்தது. ஒரு முழம் கனத்தில் மரக்கதவு, வெளிப்பக்கம் ஓர் இரும்புக் கொக்கி. கதவு பாதி திறந்திருந்தது.

எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது.

வினோதினிக்கு அந்தக் கதவைப் பார்த்ததுமே காட்சி பிடிபட்டுவிட்டது. இளவரசி இருட்டுக்குள் நின்று பேச வேண்டும், கேமரா வெளியே இருக்க வேண்டும். இளவரசிக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றே பேசுகிறேனே என்றாள். வினோதினி விடவில்லை. இன்றைக்கு முடிக்காவிட்டால் நாலு பேருக்கும் மார்க் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போடி. இன்னும் கொஞ்சம்."

இளவரசியின் முகம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ஹெட்போன் மாட்டியிருந்த சத்யப்பிரியா கையைத் தூக்கினாள். ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது என்றாள். புறாவாக இருக்கும் என்றாள் வினோதினி. சத்யப்பிரியா இல்லையென்று தலையாட்டினாள். அவள் குரல் இறங்கிப்போனது.

"புறா இல்ல வினோ. கையால தட்டுறாங்க."

அப்போது கதவு நகர்ந்தது.

காற்று இல்லை. யாரும் தொடவில்லை. அத்தனை கனமான கதவு ஓசையே இல்லாமல் போய்ப் பொருந்திக்கொண்டது.

சபாபதி கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடி இழுத்தான். வினோதினியும் சேர்ந்து இழுத்தாள். கைப்பிடி சில்லென்று உள்ளங்கையில் ஒட்டியது. தோல் உரிந்துவிடும் போலிருந்தது. கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

கொக்கி விழவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. இப்போது ஹெட்போன் தேவைப்படவில்லை. விடாமல், அவசரமாக, மரத்தில் கை மோதும் சத்தம். வினோதினி இளவரசி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தட்டல் மட்டும் வேகமானது.

சத்யப்பிரியா போட்ட கூச்சலில் சுப்பராயலு உள்ளே வந்தார். நொண்டவில்லை, ஓடியே வந்தார். கதவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. சபாபதியை விலக்கிவிட்டுக் கதவில் வாயை வைத்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்.

"குப்பு. புயல் ஓஞ்சி போச்சிடா. அந்தப் பொண்ண வெளிய வுட்டுடு."

தட்டல் நின்றது.

கதவு தானாக ஒரு விரற்கடை திறந்தது.

இளவரசி மூலையில் குந்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீரில் ஊறியதுபோல் விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. வெளியே இழுத்துவந்து வெயிலில் உட்கார வைத்தும் பல் தந்தியடித்துக்கொண்டே இருந்தது. நீ தட்டியது கேட்டது, கதவுதான் திறக்க வரவில்லை என்று வினோதினி அழுதுகொண்டே சொன்னாள். இளவரசி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தட்டவே இல்ல. கூட இருந்தவருதான் தட்டிக்கிட்டே இருந்தாரு."

டீக்கடையில் உட்கார்ந்துதான் சுப்பராயலு வாயைத் திறந்தார். குப்பு அவரோடு வேலை பார்த்தவன். புயல் அடித்த அன்று கூரைத் தகரம் பறக்க ஆரம்பித்ததும் ஐஸ் ரூமுக்குள் ஒண்டியிருக்கிறான். கதவு அடித்துக்கொள்கிறதென்று யாரோ வெளியே கொக்கி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காற்றின் இரைச்சலில் அவன் தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை. உள்ளே புகுந்த கடல் தண்ணீர் வடிந்த பிறகுதான் திறந்து பார்த்தார்கள். 'யாரோ' என்று சொல்லும்போது சுப்பராயலு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்ததை எல்லாம் அங்கேயே அழித்துவிடச் சொன்னாள் வினோதினி. மார்க் போனால் போகட்டும், நானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்றாள். சபாபதி அவள் கண் முன்னாலேயே அழித்தான். அவனையும் சத்யப்பிரியாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, இளவரசியை நெல்லிக்குப்பத்தில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். நடந்ததை அவள் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள். தன் பிடிவாதத்தால்தான் என்றும் சொன்னாள். அந்த அம்மா திட்டவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனார். கிளம்பும்போது இளவரசியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. அப்போதுதான் வினோதினிக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினாள். நல்ல கூட்டம். அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட் மட்டும் காலியாக இருந்தது. ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு பெண் கூடையோடு வந்து அதில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

"என்னா சீட்டு இது, ஈரமாட்டம் சில்லுனு இருக்குது" என்று முனகிவிட்டு, போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

வினோதினி திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் பார்க்கவில்லை.

பிறகு பார்த்தாள்.

மேற்கு வெயில் ஜன்னல் கண்ணாடியில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் வாய் இருக்கும் உயரத்தில் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்தது.

மெல்ல மறைந்தது.

மறுபடி படிந்தது.